‘மொக்கை’ என்றால் போதாது: பத்து இசைத்தொகுப்புகள், ஒளிவுமறைவில்லாத கருத்துகள்

“நல்லா இருக்கு.” “மொக்கை.”

ஓர் இசைத்தொகுப்பைக் கேட்டு முடித்ததும் நம்மில் பலர் சொல்வது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அதற்குமேல் ஒரு கேள்வி வந்தால் தடுமாறிவிடுவோம். எந்தப் பாடல் நன்றாக இருந்தது? எங்கே சலிப்புத் தட்டியது? குறை மெட்டிலா, குரலிலா, அல்லது நம் காதுக்குப் பழகாத ஒலியா? இவற்றுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால், நாம் சொன்ன கருத்து நண்பர்களிடமிருந்தோ இணையத்திலிருந்தோ இரவல் வாங்கியதாகத்தான் இருக்கும்.

பள்ளிப் பாடங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடைக்குறிப்பு உண்டு. கணக்கு சரியா தவறா என்று ஆசிரியர் சொல்லிவிடுவார். இசைக்கு விடைக்குறிப்பு கிடையாது. பதினைந்து, பதினாறு வயதில் ஒருவர் யாருடைய மதிப்பெண்ணுக்கும் காத்திராமல் தாமே முடிவுசெய்து பழகக்கூடிய சில இடங்களில் இசையும் ஒன்று. அங்கேயும் கூட்டத்தோடு சேர்ந்து தலையாட்டிப் பழகிவிட்டால், பிறகு புத்தகம், திரைப்படம், நாட்டு நடப்பு என எதைப் பற்றியும் சொந்தமாகப் பேச வராது.

ஒரு பாடகரின் ரசிகர் படைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பிடித்ததை வேண்டுமென்றே குறைசொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினருமே தங்கள் காதைப் பயன்படுத்துவதில்லை. ஊர் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

ஆகவே, பத்து இசைத்தொகுப்புகளைப் பற்றி என் கருத்தை இங்கே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். ஒன்பது பாப், ராக் உலகின் பெரிய பெயர்கள். பத்தாவது நம் வட்டாரத்துத் தமிழ்த் தொகுப்பு. நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: பாராட்டினாலும் திட்டினாலும், தொகுப்புக்குள் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

நாற்பது நிமிடம் எங்கிருந்து வந்தது?

தனித்தனிப் பாடல்களை வரிசையாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு, ஆல்பம் என்ற வடிவமே ஏன் வந்தது என்று தோன்றலாம். 1948ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் இசைத்தட்டை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு இசை. இரண்டு பக்கங்களும் சேர்ந்தால் 40 நிமிடம், பத்துப் பன்னிரண்டு பாடல்கள். தட்டின் அளவே ஆல்பத்தின் அளவானது. எந்தப் பாடலில் தொடங்குவது, முதல் பக்கத்தை எதில் முடிப்பது, தட்டைத் திருப்பிப் போட்டதும் எது ஒலிக்க வேண்டும் என்று இசைக்குழுவினர் யோசித்து வரிசைப்படுத்தினர்.

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் 74 நிமிடம்வரை இடம் கிடைத்தது. தொகுப்புகளும் நீண்டன. இன்றைய இணைய இசைத்தளங்களில் அந்த எல்லையும் இல்லை. இடம் தாராளமாகக் கிடைத்தது இசைக்கு நன்மை செய்ததா என்பதைப் பட்டியலின் பின்பகுதியில் பார்க்கலாம்.

1. பீட்டில்ஸ்: ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ (1967)

பாதி மகத்தானது, பாதி அலங்காரம்.

1963 பிப்ரவரி 11ஆம் தேதி, ஒரே நாளில், தங்கள் முதல் தொகுப்புக்காகப் பத்துப் பாடல்களைப் பதிவுசெய்தவர்கள் பீட்டில்ஸ். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தத் தொகுப்புக்காக ஒலிப்பதிவுக்கூடத்தில் மாதக்கணக்கில் உழைத்தார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003இல் வெளியிட்ட 500 சிறந்த தொகுப்புகளின் பட்டியலில் இதற்கு முதலிடம். அதே இதழின் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் 24ஆம் இடம். எனக்கு இரண்டாவது பட்டியல்தான் நியாயமாகப் படுகிறது.

கற்பனைக் குழு ஒன்று மேடையேறிக் கச்சேரி செய்கிறது என்ற எண்ணத்துடன் தொகுப்பு தொடங்குகிறது. இரண்டாம் பாடலோடு அந்த எண்ணம் காணாமல் போய், கடைசிக்கு முந்தைய பாடலில்தான் திரும்பி வருகிறது. இடையே ஒலி வித்தைகள் அதிகம். மனத்தில் நிற்கும் மெட்டுகள் குறைவு. நாற்பது பேர் கொண்ட வாத்தியக் குழு படிப்படியாக உச்சத்துக்கு ஏறும் கடைசிப் பாடல் ‘அ டே இன் த லைஃப்’ மட்டும் எல்லாப் புகழுக்கும் தகுதியானது.

பலர் தாண்டிச் செல்லும் பாடல் ஜார்ஜ் ஹாரிசனின் ‘விதின் யூ விதவுட் யூ’. தமிழ் மாணவர்கள் அதைத் தாண்டக்கூடாது. குழுவின் மற்ற மூவரும் அதில் இல்லை. லண்டனில் இருந்த இந்திய இசைக் கலைஞர்கள் தில்ரூபா, தபலா, தம்புரா வாசித்திருக்கிறார்கள். பாடும் குரலைத் தில்ரூபா நிழல்போலத் தொடர்வதைக் கவனியுங்கள். கச்சேரியில் வாய்ப்பாட்டைப் பின்தொடரும் வயலின் நினைவுக்கு வரும். தொகுப்பில் இந்தப் பாடல் அலங்காரமாக நிற்கவில்லை. ஆனால், அந்தக் கலைஞர்களின் பெயர்களை அன்று உறையில் போடவில்லை.

2. பிங்க் ஃபிளாய்ட்: ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973)

இந்தப் பட்டியலில் முழுதாகக் கேட்டே ஆகவேண்டிய தொகுப்பு இது.

இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடியும் 43 நிமிடங்கள். பாடல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஓடுவதால், நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் அதன் முனைகள் கிழிந்தது போலிருக்கும். பணத்தைப் பற்றிய ‘மணி’ பாடலில் காசுகளின் ஓசைக்குப் பின் வரும் தாளத்தை எண்ணிப் பாருங்கள். ஏழு வரும். மிஸ்ர சாப்பு போட்டுப் பழகிய கைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடும். கிட்டார் தனியாக வாசிக்கும் இடத்தில் தாளம் நாலுக்கு மாறுகிறது. ஏன் திடீரென்று பாட்டு ஓடத் தொடங்கியது போலத் தோன்றுகிறது என்பதற்கு அந்த மாற்றமே விடை.

‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’ பாடலில் சொற்களே இல்லாமல் குரலால் மட்டும் கதறுபவர் கிளேர் டாரி. அன்று அவருக்குக் கிடைத்த சம்பளம் 30 பவுண்டு. பாடலின் உருவாக்கத்தில் பங்கு கேட்டு அவர் பின்னாளில் வழக்குத் தொடுத்தார். 2005இல் சமரசம் ஏற்பட்டு, பாடலை இயற்றியவர்களில் ஒருவராக அவரது பெயரும் சேர்ந்தது.

குறை? ‘ஆன் த ரன்’. மின்னிசைக் கருவி ஒரே வட்டத்தில் சுழலும் அந்தப் பகுதி 1973இல் வியப்பூட்டியிருக்கும். இன்று அது கருவியின் செயல்விளக்கம் போலத்தான் இருக்கிறது.

3. ஃபிளீட்வுட் மேக்: ‘ரூமர்ஸ்’ (1977)

சண்டை போட்டுக்கொண்டே இவ்வளவு இனிமையாகப் பாட முடியுமா என்று வியக்க வைக்கும் தொகுப்பு.

பதிவு நடந்த காலத்தில் குழுவிலிருந்த கிறிஸ்டின் மெக்வீ, ஜான் மெக்வீ தம்பதியர் பிரிந்திருந்தனர். ஸ்டீவி நிக்ஸ், லிண்ட்சி பக்கிங்ஹம் காதலும் முறிந்திருந்தது. ஒருவர் மற்றவர்மீது எழுதிய குற்றச்சாட்டுப் பாடலுக்கு, குற்றம் சாட்டப்பட்டவரே பின்னணிக் குரல் கொடுக்க வேண்டிய நிலை. அந்த வரலாறு தெரியாமல் கேட்டாலும் பாடல்கள் நிற்கின்றன. எனக்கு அதுதான் முக்கியம். கிசுகிசு இல்லாமல் நிற்காத பாட்டு, நல்ல பாட்டு இல்லை.

குறை தொகுப்புக்கு வெளியே இருக்கிறது. நிக்ஸ் எழுதிய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’, தட்டில் இடம் போதாததால் நீக்கப்பட்டு, வேறொரு பாடல் தட்டின் மறுபக்கத்தில் ஒதுக்கப்பட்டது. 1997இல் குழு அதை மேடையில் பாடிய பதிவைக் கேட்டுவிட்டு, தொகுப்பில் உள்ள ‘ஓ டாடி’ பாடலைக் கேளுங்கள். எதை வெளியே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

4. மைக்கல் ஜாக்சன்: ‘திரில்லர்’ (1982)

உலகில் ஆக அதிகம் விற்ற தொகுப்பு. ஆனால், ஜாக்சனின் ஆகச் சிறந்த தொகுப்பு இதுவல்ல.

ஒன்பது பாடல்களில் ஏழு, அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. ‘பில்லி ஜீன்’ பாடலில் அவருடைய குரல் வருவதற்குமுன் ஏறத்தாழ அரை நிமிடம் முரசும் அடித்தந்தியுமே முன்னின்று நடக்கின்றன. தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் அந்தத் தொடக்கத்தைக் குறைக்கச் சொன்னார், ஜாக்சன் மறுத்துவிட்டார். மறுத்தது நல்லதாயிற்று. அந்த அரை நிமிடத்தில் கால் தானாகத் தட்டத் தொடங்கிவிடுகிறது.

அதே தொகுப்பில்தான் பால் மெக்கார்ட்னியுடன் பாடிய ‘த கேர்ள் இஸ் மைன்’ இருக்கிறது. ஒரு பெண் யாருக்கு என்று இரண்டு பெரிய மனிதர்கள் கொஞ்சிக் கொஞ்சி வாதிடும் பாட்டு. இரண்டு ஜாம்பவான்களின் பெயர் மட்டும் இல்லையென்றால் யாரும் அதை இன்று நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். 1979இல் வந்த அவருடைய ‘ஆஃப் த வால்’ தொகுப்பில் இவ்வளவு பெரிய பள்ளம் இல்லை. மகிழ்ச்சியாகப் பாடும் ஜாக்சன் வேண்டுமென்றால் அங்கே செல்லுங்கள்.

5. நிர்வாணா: ‘நெவர்மைண்ட்’ (1991)

முதல் நான்கு பாடல்களுக்கு இணையில்லை. அதற்குப் பிறகு ஒரே அச்சு.

1992 ஜனவரியில் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ தொகுப்பை அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்திலிருந்து கீழே இறக்கியது இந்த மூவர் குழு. மெல்லிய முணுமுணுப்பு, திடீரென்று இடி, மீண்டும் முணுமுணுப்பு என்பது இவர்களின் பாணி. முதல் பாடலில் அது மின்சாரம் போலத் தாக்குகிறது. பத்தாவது பாடலில், எந்த இடத்தில் இடி விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒலி மிகவும் மெருகேறிவிட்டது என்று பாடகர் கர்ட் கொபேனே பின்னர் குறைப்பட்டுக்கொண்டார். ஸ்டீவ் அல்பினி பதிவுசெய்த அடுத்த தொகுப்பான ‘இன் யூடரோ’ (1993) கரடுமுரடானது. எனக்கு அதுவே நேர்மையானதாகக் கேட்கிறது.

‘நெவர்மைண்ட்’ தொகுப்பின் இறுதிப் பாடல் ‘சம்திங் இன் த வே’ அச்சிலிருந்து விலகி நிற்கிறது. கிசுகிசுப்பான குரல், அடியில் செல்லோ. 2022இல் வந்த ‘த பேட்மேன்’ படத்தில் கேட்டவர்களுக்கு அது உடனே அடையாளம் தெரியும்.

6. ரேடியோஹெட்: ‘கிட் ஏ’ (2000)

மதிக்கிறேன். நேசிக்கவில்லை.

1997இல் ‘ஓகே கம்பியூட்டர்’ பெற்ற வெற்றிக்குப் பிறகு, கிட்டார் குழுவாகப் பெயரெடுத்தவர்கள் கிட்டாரைப் பெரும்பாலும் ஓரம்கட்டிவிட்டு மின்னிசைக்குத் தாவினார்கள். விளம்பரத்துக்கான தனிப்பாடல் எதையும் வெளியிடாமல் தொகுப்பை மட்டும் கொண்டுவந்தார்கள். துணிச்சல்தான். ‘த நேஷனல் ஆன்தம்’ பாடலில் ஒரே அடித்தந்தி வரிசைமீது ஊதுகருவிகள் மோதிக் குழம்பும் இடம் அபாரம். ‘ட்ரீஃபிங்கர்ஸ்’ என்ற வாத்தியப் பகுதியோ, குளிர்பதனப் பெட்டி இரையும் ஓசையைப் போலக் கடந்துபோகிறது.

இந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசும்போது, புரியாததைப் புரிந்ததாக நடிப்பவர்கள் அதிகம். அப்படி நடிக்க வேண்டியதில்லை. “நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை” என்பது முழுமையான கருத்து. செய்நேர்த்தி வேறு, நம் விருப்பம் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரின் பேச்சைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

7. கோல்ட்பிளே: ‘மியூசிக் ஆஃப் த ஸ்பியர்ஸ்’ (2021)

இது அதற்கு நேரெதிர். விருப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், செய்ததே சரியில்லை.

பன்னிரண்டில் ஐந்து தலைப்புகள் வெறும் உணர்ச்சிச் சின்னங்கள். அவற்றில் பல, பாடல் என்று சொல்வதற்குள் முடிந்துவிடும் இடைநிரப்பிகள். பிடிஎஸ் குழுவுடன் பாடிய ‘மை யூனிவர்ஸ்’ இரு தரப்பின் பலத்தையும் பாதியாக்கிவிட்டது. பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் இறுதிப் பாடல் ‘கோலொராட்டுரா’ மட்டும், 2000இல் ‘பாரஷூட்ஸ்’ தொகுப்பில் சின்னச் சின்ன வருத்தங்களைப் பாடிய அதே குழு இன்னமும் உயிரோடிருக்கிறது என்று காட்டுகிறது.

2024 ஜனவரியில் இவர்கள் சிங்கப்பூர்த் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடினார்கள். அதற்கு முந்தைய நவம்பரில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கிலும் பாடினார்கள். சென்று வந்தவர்கள் ஒளிரும் கைப்பட்டைகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும், அது நல்ல அனுபவம்தான். ஆனால், காதொலிக் கருவியோடு ரயிலில் அமர்ந்து தொகுப்பைக் கேட்கும்போது கைப்பட்டை ஒளிராது. இசை தனியாக நிற்க வேண்டும். இங்கே அது நிற்கவில்லை.

8. டெய்லர் ஸ்விஃப்ட்: ‘ஃபோக்லோர்’ (2020), ‘த டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மெண்ட்’ (2024)

ஒரே ஆள், ஒரே திறமை. முன்னதில் எதை விட வேண்டும் என்று தெரிந்திருந்தது; பின்னதில் அது மறந்துபோயிற்று.

‘ஃபோக்லோர்’ கிருமித்தொற்று முடக்கக் காலத்தில், வெளியீட்டுக்கு ஒரு நாள்கூட இல்லாத நிலையில் அறிவிக்கப்பட்டு வந்தது. அடங்கிய குரல், ஆரன் டெஸ்னரின் மெல்லிய பியானோ, கற்பனைப் பாத்திரங்கள். ஒரே காதல் கதையை மூவரின் பார்வையில் மூன்று பாடல்களில் சொல்லியிருக்கிறார். அவற்றில் ‘பெட்டி’ ஒரு பையனின் வாய்மொழியாக வருவதைக் கவனித்தால், தம் சொந்தக் கதையை மட்டும்தான் இவர் பாடுவார் என்ற குற்றச்சாட்டு உடைந்துவிடும். கிராமியின் ஆண்டின் சிறந்த தொகுப்பு விருது இதற்குக் கிடைத்ததில் நியாயம் இருக்கிறது.

2024 மார்ச்சில் இங்கே ஆறு இரவுகள் பாடிவிட்டுச் சென்ற அடுத்த மாதமே ‘த டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மெண்ட்’ வந்தது. முதலில் 16 பாடல்கள். இரண்டு மணி நேரத்தில் மேலும் 15. மொத்தம் 31 பாடல்கள், இரண்டு மணி நேரத்துக்கும் மேல். நல்ல பன்னிரண்டு பாடல்கள் அதில் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்கும் வேலையை நம்மிடம் விட்டுவிட்டார்.

இங்கே ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ‘பில்போர்ட்’ 2018இல் வகுத்த முறைப்படி, கட்டணச் சந்தாதாரர்கள் ஒரு தொகுப்பின் பாடல்களை 1,250 முறை ஒலிக்கவிட்டால், ஒரு தொகுப்பு விற்றதற்குச் சமமாகக் கருதப்பட்டது. பத்துப் பாடல் தொகுப்பை ஒருமுறை கேட்டால் பத்து ஒலிப்பு. 31 பாடல் தொகுப்பை ஒருமுறை கேட்டால் 31 ஒலிப்பு. பாடகரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், கணக்கு நீளத்துக்கே சாதகமாக இருக்கிறது. அன்று தட்டில் இடமில்லாமல் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ போன்ற நல்ல பாட்டு வெளியே நின்றது. இன்று இடம் இருப்பதாலேயே சுமாரான பாட்டெல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டில் எனக்கு முதலாவது நட்டமே தேவலை.

9. பில்லி ஐலிஷ்: ‘வென் வீ ஆல் ஃபால் அஸ்லீப், வேர் டூ வீ கோ?’ (2019)

வீட்டில் இருந்தபடி ஏதாவது செய்யத் துடிக்கும் மாணவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது.

வெளியானபோது அவருக்கு வயது 17. அண்ணன் ஃபினியஸுடன் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டின் படுக்கையறையில் பெரும்பகுதியைப் பதிவுசெய்தார். ‘பேட் கய்’ பாடலில் சிட்னி நகரச் சாலைக்கடப்பு விளக்கின் டிக்டிக் ஓசையும், ‘பரி அ ஃபிரெண்ட்’ பாடலில் பல் மருத்துவரின் துளைக்கருவி ஓசையும் புகுந்திருக்கின்றன. சுற்றியிருந்த ஒலிகளையே இசையாக்கிவிட்டார்கள். கத்திப் பாடுவதுதான் திறமை என்ற எண்ணத்தையும் இவருடைய கிசுகிசுப்பான குரல் உடைத்தது. அடுத்த ஆண்டு கிராமியின் நான்கு முக்கிய விருதுகளும் இவருக்கே கிடைத்தன.

குறை வரிசையில் இருக்கிறது. கடைசி மூன்று பாடல்களும் மெதுவானவை, சோகமானவை, அடுத்தடுத்து வருபவை. தனியாகக் கேட்டால் ‘ஐ லவ் யூ’ உருக்கமானது. அந்த வரிசையில் கேட்கும்போது தூக்கம்தான் வருகிறது. தலைப்பு அதைத்தான் கேட்கிறது போலும்!

10. யோகி பி, நட்சத்திரா: ‘வல்லவன்’ (2006)

நம்மவர்கள் என்பதால் சலுகை கிடையாது.

மலேசியாவிலிருந்து வந்த இந்தச் சொல்லிசைத் தொகுப்பு, தமிழில் ராப் பாட முடியும் என்பதை நம் வட்டாரத்துக்கும் தமிழகத்துக்கும் காட்டியது. ‘மடை திறந்து’ பாடலில், 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டை எடுத்துக்கொண்டார்கள். பழைய மெட்டை நடுவில் ஒட்டவைத்துவிட்டு ஒதுங்கவில்லை. மெட்டு இளைப்பாறும் இடங்களில் தமிழின் வல்லின எழுத்துகள் முரசுபோல விழுகின்றன. ‘ப’, ‘ட’, ‘க’ ஒலிகளை மட்டும் கவனித்து ஒருமுறை கேளுங்கள்.

குறையும் அங்கேதான். அந்தப் பாடல் அவ்வளவு உயரத்தில் நிற்பதால் தொகுப்பின் மற்றப் பகுதிகள் அதன் நிழலில் மங்கிவிடுகின்றன. முன்னோடிகள் என்று போற்றுவது சரி. ஆனால், போற்றிவிட்டுக் கேட்காமல் விடுவதைவிட, முழுதாகக் கேட்டுவிட்டுக் குறைசொல்வது அவர்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை.

பெரிய விமர்சகர்களும் பின்னர் மாறியிருக்கிறார்கள்

இப்படியெல்லாம் துணிந்து சொல்லிவிட்டு, நாளை உலகமே வேறுவிதமாகச் சொன்னால்? அதற்கும் முன்னுதாரணங்கள் உண்டு.

1969இல் லெட் செப்லினின் முதல் தொகுப்பை ‘ரோலிங் ஸ்டோன்’ கடுமையாகச் சாடியது. 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் அதே தொகுப்புக்கு அதே இதழ் 29ஆம் இடம் கொடுத்தது. டாஃப்ட் பங்க்கின் ‘டிஸ்கவரி’ தொகுப்புக்கு 2001இல் பத்துக்கு 6.4 கொடுத்த ‘பிட்ச்ஃபோர்க்’ இதழ், 2021இல் அதைப் பத்தாக உயர்த்தியது.

1967இல் எங்கும் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ புகழ் பாடப்பட்ட நேரத்தில், ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் அதைக் குறைகூறி எழுதினார். ஒலிவித்தைகள் கண்ணைக் கட்டுகின்றன, பாடல்கள் அதற்கு ஈடாக இல்லை என்பது அவரது வாதம். இறுதிப் பாடலை மட்டும் அவர் மனமாரப் பாராட்டினார். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. ஆனால், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த விமர்சனத்தைப் படித்து அதனுடன் வாதாட முடிகிறது. ஏனென்றால் அவர் காரணம் சொல்லியிருந்தார். வெறும் வசை என்றால் மறுநாளே மறந்துபோயிருக்கும்.

உங்கள் காதைப் பழக்க

சில எளிய பழக்கங்கள் போதும். ஒரு தொகுப்பை எடுத்தால் அதன் வரிசையிலேயே கேளுங்கள். 2021 நவம்பரில் அடெல் தமது ‘30’ தொகுப்பு வெளியானபோது, பாடல்களைக் குலைத்துப் போடும் வசதி தொகுப்புகளுக்குத் தானாக முன்னால் வந்து நிற்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். ‘ஸ்பாட்டிஃபை’ அதை ஏற்றுப் பொத்தானை மாற்றியது. வரிசைக்கு ஒரு பொருள் உண்டு என்பதே அவரது வாதம்.

இரண்டு முறையாவது கேளுங்கள். ‘ஸ்பாட்டிஃபை’ தளத்தில் 30 வினாடி ஓடினாலே ஒரு பாடல் கேட்கப்பட்டதாகக் கணக்கு. தளத்தின் கணக்கு அப்படி இருக்கட்டும். கருத்துச் சொல்ல அது போதாது. முதல் முறை கேட்கும்போது நமக்கு ஏற்கெனவே பழக்கமானதைத்தான் காது பிடிக்கும். இரண்டாம் முறைதான் புதியது கேட்கும்.

பிறகு ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த தொகுப்பில் ஆக மோசமான பாடல் எது, ஏன்? உங்களுக்குப் பிடிக்காத தொகுப்பில் ஆகச் சிறந்த பாடல் எது, ஏன்? முதல் கேள்விக்குப் பதில் எழுத முடியாதவர் வெறும் ரசிகர். இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாதவர் வெறும் எதிர்ப்பாளர். இரண்டையும் எழுதிவிட்டால் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது என்று பொருள். தமிழ் வாய்மொழித் தேர்வில் “இதைப் பற்றி உன் கருத்து என்ன?” என்று தேர்வாளர் கேட்கும்போது திணறாமல் இருக்கவும் இதே பயிற்சி உதவும். அங்கேயும் கருத்தைவிடக் காரணத்தையே எதிர்பார்க்கிறார்கள்.

இந்தப் பத்தில் ஏதாவது ஒன்றைப் பற்றி நான் சொன்னது உங்களுக்குக் கோபமூட்டியிருக்கலாம். டெய்லர் ஸ்விஃப்ட், கோல்ட்பிளே ரசிகர்கள் இந்நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். நல்லது. தொகுப்பை மறுபடியும் போடுங்கள். நான் எதைக் கவனிக்காமல் விட்டேன், எந்தப் பாடலில், எத்தனையாவது நிமிடத்தில் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு சண்டை போடலாம்.